லெனேசியா போய்வந்த மூன்றரை கிட்டார்கள்

2023 ஜூலையில் ஒரு ராத்திரி, மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். அண்ணன் மகள் லெனேசியாவிலிருந்து கூப்பிட்டாள். "சித்தப்பா, துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். பயந்தே போய்ட்டேன். லைட்டைப் போட்டுப் பார்த்தா கிட்டார் பொளந்து கிடக்கு." ஜோஹானஸ்பர்கில் ராத்திரி அப்படி ஒரு சத்தம் கேட்டு, காரணம் கிட்டார்தான் என்று தெரிந்தால் முதலில் நிம்மதிதான் வரும். அப்புறம்தான் வயிறு எரியும்.

படம் அனுப்பினாள். தந்திகளைக் கட்டும் கட்டையான பிரிட்ஜுக்குக் கீழே தொடங்கி அடிவிளிம்பு வரை, மர ரேகையோடு ஒட்டியே ஓடியிருந்தது விரிசல். ஏறக்குறைய 14 சென்டிமீட்டர். ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினால் உள்ளே போகிறது என்றாள். செருகிப் பார்த்ததற்கு ஒரு திட்டு கொடுத்தேன்.

அந்தக் கிட்டாரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். அதனால் இந்த ஆய்வில் குற்றவாளி யார் என்று கடைசி வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் என் குற்றம் எது என்று எனக்கே முழுசாகப் புரிய ஒரு வருஷம் ஆனது. முதலில் நான் மரத்தின் மேல் பழி போட்டேன்.

ஏன் சின்னக் கிட்டார்

டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் என் கராஜில் ஒரு மேசை, ஏழெட்டு கிளாம்ப், ஒரு சின்ன மின்சார அடுப்பு இருக்கின்றன. வார நாட்களில் வேறு பிழைப்பு. சனி ஞாயிறுகளில் தெரிந்தவர்களின் கிட்டார்களைப் பழுது பார்ப்பேன். அவள் 2023 தொடக்கத்தில் லெனேசியாவில் ஆசிரியை வேலைக்குப் போனபோது இரண்டு கிட்டார் கொண்டுபோனாள். ஒன்று அவளே வாங்கியது. மற்றது நான் கொடுத்தது.

அவளுக்குப் பெரிய கிட்டார் ஒத்துவராது. ஆள் சின்னவள், டிரெட்நாட் என்ற பெரிய அளவை மடியில் வைத்தால் வலது தோள் காதுக்கு வந்துவிடும். அதோடு, அவள் வாசிப்பது பாட்டுக்குப் பக்கவாத்தியமாக. குரலுக்குக் கீழே அடங்கி நிற்க வேண்டும். பெரிய உடம்புக்காரக் கிட்டார் அடிச்சுரத்தில் உறுமும்போது மெல்லிய குரல் காணாமல் போகும்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனி வைத்த பெயர்களைத்தான் இன்றைக்கு உலகமே புழங்குகிறது. கீழ்ப்பகுதியின் அகலத்தைக் கொண்டு 0 அளவு என்றால் சுமார் 343 மி.மீ., 00 என்றால் 364, 000 என்றால் 381, டிரெட்நாட் 397. 19ஆம் நூற்றாண்டில் எல்லாக் கிட்டாரும் இன்றைய கணக்கில் சின்னதுதான். டிரெட்நாட் வடிவத்தை மார்ட்டின் 1916இல் இன்னொரு கம்பெனிக்காகச் செய்து, 1931இல்தான் தன் பெயரிலேயே வெளியிட்டது. பெரியதே 'சாதாரண' அளவு என்று நாம் நினைப்பது அதற்கப்புறம் வந்த பழக்கம்.

அளவுக்கு அடுத்தபடியாகக் காதில் விழும் வித்தியாசம் கழுத்து உடம்போடு சேரும் இடம். கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளில் 12ஆவதில் சேர்ந்தால் பிரிட்ஜ் கீழே இறங்கி, மேல்பலகையின் அகன்ற பாகத்தின் நடுவுக்கு வரும். மத்தளத்தை நடுவில் தட்டுவதுபோல் சுரம் உருண்டு வரும். 14ஆம் ஃப்ரெட்டில் சேர்ந்தால் பிரிட்ஜ் துளைப்பக்கமாக ஏறும். சுரம் கூர்மையாகும், மேல் ஃப்ரெட்டுகளுக்கு விரல் எளிதாகப் போகும். 1929இல் பெரி பெக்டெல் என்ற பான்ஜோக்காரர் கேட்டதற்காக மார்ட்டின் 14 ஃப்ரெட் கழுத்தோடு ஓ.எம். என்ற வகையைச் செய்தது. கொஞ்ச வருஷங்களில் மற்றவர்களும் அதன் பின்னே போய்விட்டார்கள். என் கட்சி 12 ஃப்ரெட். சின்ன உடம்பில் இல்லாத அடிச்சுரத்தைக் கொஞ்சமாவது மீட்டுக் கொடுப்பது அதுதான்.

தந்தி நீளத்திலும் விஷயம் இருக்கிறது. 645 மி.மீ.க்குப் பதில் 632 மி.மீ. என்றால் இழுவிசை ஏறக்குறைய 4 சதவீதம் குறையும். விரல் நுனிக்கு அது தெரியும்.

இனி நம் ஆட்கள்.

ஒன்றாம் நம்பர், நான் கொடுத்தது: 0 அளவு, 12 ஃப்ரெட், சிட்கா ஸ்ப்ரூஸ் மேல்பலகை, முதுகும் பக்கமும் மஹோகனி. எல்லாம் முழுமரம்.

இரண்டாம் நம்பர், அவள் வாங்கியது: 00 அளவு, 14 ஃப்ரெட், செடார் மேல்பலகை, முதுகும் பக்கமும் ஈட்டி, அதாவது இந்திய ரோஸ்வுட். இதுவும் முழுமரம்.

மூன்றாம் நம்பர் 2024இல் வந்து சேர்ந்தது: குவாசூலு-நடால் மிட்லண்ட்ஸ் பக்கம் தனியாளாக வேலை செய்யும் ஒருவர் செய்தது. 0 அளவு, 12 ஃப்ரெட், மேலே சிட்கா, முதுகும் பக்கமும் கியாட் என்ற உள்ளூர் மரம். அதாவது ஒன்றாம் நம்பருக்கும் இதற்கும் முதுகு மரம்தான் பெரிய வித்தியாசம். செய்த கை வேறு என்பதையும் மறக்கக் கூடாது.

அரை நம்பர், எங்கள் மாமாவின் பழைய கிட்டார். முழுக்க ஒட்டுப்பலகை. உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் பூச்சி தின்றுவிட்டதால் யார் செய்தது என்பதே தெரியாது. முழுமரக்காரர்கள் சபையில் ஒட்டுப்பலகைக்கு அரை நாற்காலிதான் என்று அண்ணன் வைத்த பெயர்.

முதல் தீர்ப்பு, தப்பான தீர்ப்பு

டர்பனிலிருந்து என்3 சாலையில் ஜோஹானஸ்பர்க் சுமார் 570 கிலோமீட்டர். வான் ரீனன் கணவாய் ஏறினால் காற்றே வேறு. ஜோஹானஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே மழை கோடையில்தான், குளிர்காலம் முழுக்க வறட்சி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உதடு வெடிக்கும், கதவுக் குமிழைத் தொட்டால் ஷாக் அடிக்கும். சாட்ஸ்வொர்த்தையும் லெனேசியாவையும் உண்டாக்கியது இனம் பார்த்துக் குடியிருப்பைப் பிரித்த அதே குரூப் ஏரியாஸ் சட்டம்தான். அது காற்றை மட்டும் பங்கு போட மறந்துவிட்டது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார் ஆயா. லெனேசியாவின் ஆடிக் காற்றில் பறப்பது மரத்துக்குள் இருக்கும் ஈரம்.

மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு எப்போதும் கொடுக்கல் வாங்கலில் இருக்கும். காற்றில் 75 சதவீத ஈரப்பதம் இருந்தால் மரத்துக்குள் அதன் எடையில் 14 சதவீதம் போல நீர் தங்கும். காற்று 30 சதவீதத்துக்கு இறங்கினால் மரத்தில் 6 சதவீதம்தான் நிற்கும். டர்பனில் என் கராஜ் முதல் ரகம். ஹீட்டர் போட்ட லெனேசியா படுக்கையறை இரண்டாம் ரகம். வெளியே பூசிய வார்னிஷ் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். அது தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கிட்டாரின் உட்புறம் எந்தப் பூச்சும் இல்லாத வெறும் மரம்.

நீர் போனால் மரம் சுருங்கும். ரேகையின் நீளத்தில் சுருங்குவது கணக்கில் வராது, குறுக்கேதான் சுருங்கும். சிட்கா ஸ்ப்ரூஸ் பச்சை மரத்திலிருந்து முழுக்கக் காயும்போது ஆரவாக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில், 4.3 சதவீதம் சுருங்கும். மேற்கத்திய சிவப்பு செடார் 2.4 சதவீதம்தான். நம் 14இலிருந்து 6க்கு இறங்கும் பயணத்துக்குக் கணக்குப் போட்டால், 343 மி.மீ. அகல ஸ்ப்ரூஸ் பலகை 4 மி.மீ.க்கு மேல் சுருங்கப் பார்க்கும். அதைவிட அகலமான 364 மி.மீ. செடார் பலகையோ இரண்டரை மி.மீ.யோடு நிற்கும்.

'சுருங்கப் பார்க்கும்' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. சும்மா கிடக்கும் பலகை என்றால் சுருங்கிவிட்டுப் போகும், ஒரு சேதமும் இல்லை. ஆனால் மேல்பலகையின் அடியில் சட்டங்களைக் குறுக்கே ஒட்டியிருக்கிறோம். சட்டம் தன் நீளவாக்கில் சுருங்காது. பலகை சுருங்குகிறேன் என்கிறது, சட்டம் விடமாட்டேன் என்கிறது. நடுவில் எங்கே பலவீனமோ அங்கே 'பட்' என்று விடும். அவள் கேட்ட துப்பாக்கிச் சத்தம் அதுதான்.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் எனக்கு ஒரே பெருமிதம். ஸ்ப்ரூஸ்காரி பிளந்தாள், அதே வீட்டில் இருந்த செடார்காரி பிழைத்தாள். கணக்கும் அதையே சொல்கிறது. 'மேட்டுநிலத்துக்குப் போகிறவர்கள் செடார் வாங்குங்கள்' என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு பேர் கேட்டு வாங்கியும் விட்டார்கள்.

செப்டம்பரில் அவள் லீவுக்கு வந்தபோது சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அது சுவத்துல, ஹீட்டருக்கு மேல மாட்டியிருந்துச்சு சித்தப்பா. மத்தது பொட்டிக்குள்ள, கட்டிலுக்கு அடியில."

என்ன சொல்வது? ஒன்று அடுப்புக்கு மேல் காய்ந்திருக்கிறது. மற்றது மூடிய பெட்டியில், சிமெண்ட் தரையின் குளிர்ச்சியில் தூங்கியிருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு மரத்துக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். சுவரில் மாட்ட ஆணியையும் கொக்கியையும் வாங்கிக் கொடுத்தது யார் தெரியுமா? நான்தான். பெட்டிக்குள் ஈரம் காக்க நனைத்த ஸ்பாஞ்ச் வைத்த சோப்பு டப்பா ஒன்று கொடுத்திருந்தால் போதும், அதைக் கொடுக்கவில்லை.

ஒட்டுப்போட்ட கதை

விரிசலை உடனே ஒட்டக் கூடாது. காய்ந்து விலகியிருக்கும்போது பசையை ஊற்றி அடைத்தால், டர்பன் ஈரத்தில் மரம் விரியும்போது வேறு இடத்தில் பிதுங்கும். ஈரத் துணியை ஒரு டப்பாவில் போட்டு, கிட்டாரோடு சேர்த்துப் பெட்டியில் மூடி இரண்டு வாரம் விட்டேன். தானாகவே உதடு மூடிக்கொண்டது. ஒரு கோணத்தில் வெளிச்சம் விழுந்தால்தான் கோடு தெரியும்.

பிறகு வச்சிரப் பசை. தாத்தா கட்டில் நாற்காலிக்குப் பயன்படுத்திய அதே தோல் பசைதான். 60 டிகிரி பக்கம் சூடாக்கினால் தேன்போல் இருக்கும், அதற்கு மேல் போனால் வலுப்போய்விடும். விரிசலின் மேல் தடவி, உள்ளேயிருந்து விரலால் மெல்லத் தூக்கித் தூக்கி விட்டால் பசையை மரமே குடிக்கும்.

அப்புறம் விரிசலுக்கு அடியில் 10 மி.மீ. அளவில் சின்னச் சின்ன ஸ்ப்ரூஸ் துண்டுகளை, ரேகை குறுக்கே வரும்படி ஒட்ட வேண்டும். இங்கேதான் சின்னக் கிட்டாரின் குணம் தெரிந்தது. என் கை துளைக்குள் மணிக்கட்டோடு நின்றுவிட்டது. டிரெட்நாட்டில் முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவியவன் நான். கடைசியில் அவளே செய்தாள். பல் டாக்டர் கண்ணாடி மாதிரி ஒன்றை உள்ளே நீட்டி நான் வழி சொல்ல, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாக வைத்தாள். வெளியே ஒரு காந்தம், உள்ளே துண்டின் மேல் ஒரு காந்தம். ஐந்து துண்டு, ஐந்து ஜோடி காந்தம். நடுவில் மின்வெட்டு வந்து பசை ஆறிப்போக, டார்ச் வெளிச்சத்தில் கேஸ் அடுப்பில் மறுபடி சூடாக்கினோம்.

ஐந்தில் நாலு நேராக இருக்கிறது.

முதுகைப் பார்க்காமல் கேட்டது

2024 தொடக்கத்தில் கியாட் கிட்டார் வந்ததும், எல்லாரும் கூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கராஜில் ஒரு விளையாட்டு நடத்தினோம். நாலிலும் புதுசாக ஒரே ரகம் பாஸ்பர் வெண்கலத் தந்தி. கொடிக்கயிற்றில் போர்வையைத் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் அவள் வாசித்தாள்: முதலில் மோகனத்தில் நாலு வரி, அடுத்து மூன்று கார்டு அடித்து ஒரு பஜனை நடை. கேட்டவர்கள் அண்ணன், மாமா, நான், பக்கத்துத் தெரு ஜூலு பெரியவர். அவரை நாங்கள் பாபா என்றுதான் கூப்பிடுவோம். மஸ்கந்தா என்ற ஜூலு கிட்டார் இசை வாசிப்பவர், கட்டைவிரல் ஒரு பாட்டு, ஆள்காட்டி விரல் ஒரு பாட்டு என்று ஒரே கையில் இரண்டு பேர் இருப்பார்கள்.

செடாரை எல்லாருமே கண்டுபிடித்தோம். மெதுவாகத் தொட்டாலே அது பேசிவிடும். வெதுவெதுப்பான, கொஞ்சம் மங்கிய குரல். ஆனால் பலமாக அடித்தால் ஒரு கட்டத்துக்கு மேல் கத்த மறுத்து, குழைந்துவிடும். ஸ்ப்ரூஸ் நேர்மாறு: மெதுவாகத் தொட்டால் கொஞ்சம் விறைப்பு, அடிக்க அடிக்கத் திறக்கும். அந்த இரண்டாவது கிட்டார் 14 ஃப்ரெட், ஒரு அளவு பெரியது என்பதும் அதில் கலந்திருக்கும். எல்லாவற்றையும் செடார் கணக்கில் எழுதக் கூடாது. ஒருமுறை அப்படி எழுதிச் சூடுபட்டவன் நான்.

மஹோகனி முதுகா கியாட் முதுகா என்பதில்தான் கூத்து. மூன்று சுற்று வாசித்தாள். நான் ஒருமுறை சரியாகச் சொன்னேன், இரண்டுமுறை தப்பு. மாமா மூன்றும் தப்பு. அண்ணன் கண்ணை மூடித் தலையாட்டி, "இதோ, இதுதான் ஈட்டி. அந்த ஆழத்தைக் கேளு தம்பி" என்றான். அவள் கையில் இருந்தது கியாட்.

எங்கள் கராஜ் விளையாட்டை யாரும் ஆராய்ச்சி என்று சொல்லப்போவதில்லை. ஆனால் முறையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஃபைல்ட் கிட்டார்களைச் செய்யும் ரோஜர் பக்னல், முதுகும் பக்கமும் தவிர மற்றதெல்லாம் ஒரே மாதிரியான ஆறு கிட்டார்களைச் செய்து கொடுத்தார்: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சபேலி, வால்நட். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 52 கிட்டார் வாசிப்பவர்களைக் கூப்பிட்டு, மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த மரத்துக்கு அதிக மதிப்பெண் விழவில்லை. ஆறும் ஏறக்குறைய ஒரே தரம் என்றே வந்தது. 2018இல் வெளியான ஆய்வு அது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே, 1862இல், ஸ்பெயின் நாட்டு டோரஸ் அட்டையால் முதுகும் பக்கமும் செய்து, நல்ல ஸ்ப்ரூஸ் மேல்பலகையை வைத்து ஒரு கிட்டார் செய்து காட்டிவிட்டுப் போனார். குரல் மேல்பலகையில் இருக்கிறது என்று சொல்ல அதைவிடக் குறும்பான வழி இருக்காது.

பாபாவுக்கு எது பிடித்தது என்று கேட்டோம். போர்வையை விலக்கி, மாமாவின் ஒட்டுப்பலகைக் கிட்டாரை எடுத்துக்கொண்டார். அவர் கணக்கில் சுரம் நீண்டு நிற்கக் கூடாது, தட்டியதும் விழ வேண்டும், அப்போதுதான் அடுத்த விரலின் பேச்சு கேட்கும். தந்தியை அவர் வழக்கப்படி மாற்றிக் கூட்டி, இசிஹ்லாபோ எடுத்தார். பாட்டுக்கு முன்னால் சுரங்களை மளமளவென்று உதறிக் காட்டும் அந்தத் தொடக்கத்தை நம் ஆலாபனைக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம், என்ன, பத்து நொடியில் முடிந்துவிடும். அடுத்த கால் மணி நேரம் யாரும் மர ஆராய்ச்சி பேசவில்லை.

மரங்களைப் பற்றிக் கொஞ்சம்

ஈட்டியை அண்ணன் இப்படிக் கொண்டாடுவதற்குக் காரணம் காது இல்லை, பாசம். நீலகிரி, வயநாடு, குடகு மலைகளின் மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள். 1969 வாக்கில் பிரேசில் ரோஸ்வுட் கட்டைகள் கிடைப்பது கஷ்டமானபோது மார்ட்டின் இந்திய ஈட்டிக்கு மாறியது. அதிலிருந்து உலகத்தின் நல்ல கிட்டார்களில் பெரும்பங்கு நம் மலை மரத்தை முதுகில் சுமக்கிறது. 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராசிலிருந்து டர்பனுக்கு வந்தவர்களின் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் வீட்டில் அதற்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்யும். கன மீட்டருக்கு 830 கிலோ போல எடை. சின்ன உடம்பில் அந்த எடை ஒரு நிதானத்தைக் கொடுக்கும் என்பது என் அபிப்பிராயம். போர்வைக்குப் பின்னால் அதை நிரூபிக்க எனக்கு வக்கில்லை. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதையும் சைட்டிஸ் என்ற அருகிவரும் உயிரின வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து, கிட்டாரை நாடு விட்டு நாடு அனுப்புவதற்கே காகிதம் கேட்டார்கள். 2019 நவம்பரில் முடிந்துபோன வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு கிடையாது.

கியாட்தான் எனக்குப் புதுசாகப் பழக்கமான ஆள். இங்கே அதில் அலமாரி, சாப்பாட்டு மேசை எல்லாம் செய்வார்கள். ஜூலுவில் உம்வாங்காசி. வெட்டினால் ரத்தம்போல் சிவப்பாகப் பிசின் வடியும். படித்ததும் புரிந்திருக்கும், நம் வேங்கையின் இனம்தான், ஒரே பேரினம். எடை மஹோகனியை ஒட்டியே வரும். அதன் பெரிய குணம், காய்ந்தாலும் நனைந்தாலும் அவ்வளவாக அசையாது. தச்சர்கள் அதை விரும்புவதும் அதனால்தான். கிட்டார் முதுகுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தம்போட்டி என்று இன்னொரு உள்ளூர் மரம் இருக்கிறது, பார்க்க அவ்வளவு அழகு. முதுகுக்குப் போடலாமே என்று அண்ணன் கேட்டான். அதன் பாலும் தூளும் கண்ணைப் பதம் பார்க்கும். சிதம்பரத்துத் தில்லை மரத்தின் குடும்பம். என் கராஜுக்கு வேண்டாம் என்றேன்.

ஒட்டுப்பலகையைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். மெல்லிய தகடுகளை ஒன்றின் ரேகைக்கு மற்றது குறுக்காக வைத்து ஒட்டுவதால், ஒன்று சுருங்கப் பார்த்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். பிளக்காது. சுரம் கொஞ்சம் அமுங்கித்தான் வரும், அது உண்மை. 1957இல் லிவர்பூலில் ஜான் லெனன் என்ற பையன் வாசித்தது தென்னாப்பிரிக்காவில் செய்த கேலோட்டோன் சாம்பியன் என்ற மலிவான சின்னக் கிட்டார். அதன் உள்சீட்டில் பெருமையாகப் போட்டிருந்தது, பிளக்காது என்று உத்தரவாதம். சுரம் இனிமையாக இருக்கும் என்று போடவில்லை பாருங்கள். கடற்கரையும் மேட்டுநிலமும் உள்ள நாட்டில் கிட்டார் விற்றவர்களுக்கு எதற்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

இரண்டாவது குளிர்காலம்

2024 ஜூனில் நாலு கிட்டாரும் காரில் ஏறின. இந்தமுறை ஒழுங்காகச் செய்வது என்று முடிவு. ஒரே அறை, ஹீட்டரிலிருந்து தள்ளி ஒரே மூலை, நாலும் பெட்டிக்கு வெளியே. 12ஆம் ஃப்ரெட்டில் தந்தி எவ்வளவு உயரம் நிற்கிறது என்று டர்பனிலேயே அளந்து எழுதிக்கொண்டோம். அங்கே போய்ப் பத்து நாள் எதுவும் செய்யாமல் விட்டு மறுபடி அளந்தாள். அறையின் ஈரப்பதமானி 35ஐச் சுற்றியே நின்றது.

ஸ்ப்ரூஸ் மேல்பலகை இரண்டிலும் தந்தி அரை மி.மீ. இறங்கியிருந்தது. மேல்பலகை பார்க்கத் தட்டையாகத் தெரிந்தாலும் லேசான வளைவோடுதான் செய்வார்கள்; காய்ந்தால் அந்த வளைவு அமுங்கி, பிரிட்ஜும் கூடவே தாழும், தந்தி ஃப்ரெட்டில் உரசும். செடாரில் கால் மி.மீ. கியாட் முதுகு கிட்டத்தட்ட அப்படியே. மஹோகனி முதுகின் வளைவு கொஞ்சம் தட்டையாகியிருந்தது. விரல்பலகை சுருங்கி, ஃப்ரெட் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டது முழுமரக் கிட்டார்கள் மூன்றிலும் உண்டு. கழுத்து ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டினால் மீன் செதிள் மாதிரி கீறும். இது வந்தால் அடுத்து விரிசல் வரும் என்று அர்த்தம். எந்த மீட்டரும் தேவையில்லை.

அரை நம்பரில் எந்த மாற்றமும் இல்லை. "மாமா கிட்டார் உங்களப் பார்த்துச் சிரிக்குது சித்தப்பா" என்று செய்தி அனுப்பினாள்.

பதினோராம் நாள் சோப்பு டப்பா வைத்தோம். துளை போட்ட பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்ச். கிட்டாரைப் பெட்டியில் வைத்து, தலைப்பக்கம் அதை வைத்து மூட வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை நனைத்தால் போதும். சொட்டச் சொட்ட வைத்தால் வேறு வம்பு. மூன்று வாரத்தில் தந்தி உயரம் பழைய இடத்துக்கு ஏறக்குறைய வந்துவிட்டது. போன வருஷம் பிளந்த ஒன்றாம் நம்பர் உட்பட ஒன்றிலும் புது விரிசல் இல்லை. ஒட்டுத் துண்டுகள் ஐந்தும் இருந்த இடத்தில் இருக்கின்றன, கோணலாக ஒட்டியதும்தான்.

ஆக, என் கணக்கு தப்பில்லை. ஸ்ப்ரூஸ் அதிகம் அசைகிறது, செடார் குறைவாக அசைகிறது, அளந்தும் பார்த்தாயிற்று. ஆனால் ஸ்ப்ரூஸைப் பிளந்தது அந்த வித்தியாசம் இல்லை. ஹீட்டருக்கு மேல் மாட்டியிருந்தால் செடாரும் பிளந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அது ஸ்ப்ரூஸைவிட மிருதுவானது, ரேகையோடு சுலபமாக விடும், நகம் பட்டாலே பள்ளம் விழும். என் பேச்சைக் கேட்டுச் செடார் வாங்கிய இரண்டு பேரையும் தேடிப் போய், ஆளுக்கொரு சோப்பு டப்பா கொடுத்துவிட்டு வந்தேன். ஒருவர் ஏற்கெனவே நகப் பள்ளத்தைக் காட்டி என்னை முறைத்தார்.

இப்போது யாராவது சின்னக் கிட்டார் வாங்க யோசனை கேட்டால், நான் முதலில் கேட்பது கிட்டார் எந்த ஊரில் தூங்கும், அறையில் ஹீட்டர் உண்டா என்பதைத்தான். அதற்கடுத்து, குரலோடு சேர்த்தா, தனியாகவா, மெதுவாகவா, அடித்தா. அந்த நாலு பதிலில் மேல்பலகையும் ஃப்ரெட் கணக்கும் முடிவாகிவிடும். முதுகு மரம் கடைசி. அதில் கண்ணுக்குப் பிடித்ததை, கைக்காசுக்குத் தகுந்ததை எடுத்துக்கொள்ளலாம். தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கியாட் எடுப்பேன், அசையாத மரம் என்பதற்காக.

அவள் வீட்டில் வாசிப்பது ஒன்றாம் நம்பர். விரிசல் விழுந்த பிறகுதான் அது தன்னுடையது ஆனது என்கிறாள். வளைந்த துண்டு எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆடி மாதக் கூழுக்கு டர்பன் வந்தபோது மட்டும் அரை நம்பரைக் கொண்டுவந்திருந்தாள். கோயில் கொட்டகையில் கூழ்ப்பானை கொதிக்கிற ஆவி ஒரு பக்கம், கடற்காற்று ஒரு பக்கம். அந்த இடத்துக்கு வேறு எந்தக் கிட்டாரையும் நான் அனுப்பியிருக்க மாட்டேன். வாசித்துவிட்டுத் தூணில் இருந்த ஆணியில் மாட்டினாள். திரும்பிப் போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மாமா இதுவரை மூன்றுமுறை கேட்டுவிட்டார், கிட்டார் எப்போ வரும் என்று.